பனியில் நின்ற முருகன்

பங்காரு தன் நெல் குடோனை அல்லேலூயாக்காரர்களுக்குத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், திருத்தணி அடிவாரத்தில் பாதிப் பேருக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

பின்னே? ஆடிக் கிருத்திகைக்கு அவர் தெருவிலிருந்து கிளம்பும் காவடிகளில் முதல் காவடி அவருடையது. அது தோளில் ஏறிய பிறகுதான் மற்றவை மலையைப் பார்க்கும். அப்படிப்பட்ட மனிதர், புயலில் ஜெபக் கொட்டகையின் கூரை பறந்துபோய்த் தவித்த பாஸ்டரிடம், "ஞாயித்துக்கெழமைல வந்து ஜெபம் பண்ணிக்குங்க" என்று சாவியைக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா?

"வெளிநாட்டுக்காரன் கிட்ட கை நீட்டிட்டாரு" என்றார்கள். மதமாற்றத் தடைச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். ஆளாளுக்கு வக்கீல் ஆகியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மார்கழிப் பனியில் மலை பாதிதான் தெரிந்தது. பங்காருவின் மைத்துனன் வீரபத்திரன் கையில் பெரிய பூட்டோடு அவர் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். காவடிக் குழு ஆட்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். வீட்டை ஒட்டியிருந்த குடோனிலிருந்து பாட்டும் டோலக்கும் மெல்ல மிதந்து வந்தன.

"பாவா, இன்னைக்குக் கிருத்திகை. இன்னைக்குப் பாத்து நம்ம குடோன்ல அல்லேலூயா. நாயமா இது?"

"பாடட்டும் உடு வீரா. கூர இல்லாம எங்க போவாங்க?"

"எங்கயோ போவட்டும். அவங்கள வெளிய அனுப்பிட்டு நான் பூட்டப் போறேன். நீ குறுக்க வந்தினா, வர்ற ஆடிக்கு மொத காவடி உனுக்கு இல்ல. எல்லாரும் பேசி முடிச்சிட்டோம்."

பங்காருவின் முகம் சுண்டிப்போனது. அவருடைய அப்பா தூக்கிய காவடி அது. வருஷம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் ஏர் பிடிக்கிறார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதில் பொய் கிடையாது.

"கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்ற. அப்படி இன்னாதான் வாங்கன அவங்க கிட்ட?"

பங்காரு மலை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனவுல முருகன் வந்தாரு வீரா. எங்க பாத்தாலும் பனி. நம்மூரு பனி இல்ல, வெள்ளையா கொட்டிகினே இருக்குது. அதுல வேலப் புடிச்சிகினு வெறுங்காலோட நிக்கறாரு. மயிலு நடுங்குது. வீடு வீடா போயி கதவத் தட்டறாரு."

வாசலில் சிரித்தார்கள். "அல்லேலூயாவுக்கு எடம் குடுன்னு முருகனே சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. தட்டிகினே இருந்தாரு. நான் முழிச்சிக்கினேன்."

வீரபத்திரன் பூட்டோடு எழுந்தான். "அப்போ காவடிய மறந்துடு பாவா."

"காவடிய எடுத்துக்கோ" என்றார் பங்காரு. "குடோன உட்டுடு."

அப்போது போன் அடித்தது. கிட்டத்தில் இருந்த வீரபத்திரன்தான் எடுத்தான்.

"நைனா?" பங்காருவின் மகன் சூர்யபிரகாஷ். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை.

"நான் மாமா பேசறேன்டா."

"மாமா, இங்க சனிக்கெழம ராத்திரி. கிருத்திகை பூஜை நடக்குது. கேளேன்."

ரிசீவருக்குள் அரோகரா. குடோனில் அல்லேலூயா. கேட்கக் கேட்க எது இங்கே, எது அங்கே என்று வீரபத்திரனுக்கு மயங்கிப்போனது. வெளியே மலை இன்னும் பனிக்குள்தான் இருந்தது.

"கோயில் கட்டிட்டீங்களாடா?"

"கோயில் எங்க மாமா? கொட்டற பனியில முருகர் படத்தத் தூக்கிகினு வீடு வீடா அலைஞ்சோம். வாடகை வீட்ல கற்பூரம் ஏத்தினா பொகைக்கு அலாரம் கத்துது. கடைசியில ஒரு சர்ச்சுல ஹாலத் தொறந்து உட்டாங்க. காசு வாணாம்னுட்டாங்க. அந்தப் பாஸ்டரு நம்மளப் பாத்துட்டு ஷூவ வெளிய கழட்டிட்டு வந்து நின்னுகினு இருக்காரு. நைனா சொல்லலையா? சர்ச்சுல பூஜைன்னா, பையனே மாறிட்டான்னு ஊர்ல பேசுவாங்கன்னு பயந்தாரு."

வீரபத்திரன் போனைப் பாவாவிடம் கொடுத்தான். பூட்டை வேட்டி மடியில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"இன்னாண்ணா, வெளிநாட்டுக்காரன் கிட்ட அவரு வாங்கனது நெசமா?"

"ஆங், நெசந்தான்" என்றான் வீரபத்திரன். "நம்ம முருகனுக்கு ஒரு கூர வாங்கிகீறாரு."