கிதாரின் குமிழ்

ஜாய்ஸ்லினின் மின்கிதாரில் சத்தம் கூட்டும் குமிழ் உள்ளே தேய்ந்து, தான் செருகியிருந்த தண்டைப் பிடிக்காமல் சும்மா சுழன்றது. நூல் சுற்றிப் பார்த்தாள், சிகரெட் தாளைச் செருகிப் பார்த்தாள். கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்புதான் இறுகப் பிடித்தது. அந்த ஞாயிறே ஆராதனையில், பாட்டின் நடுவில், பாடகர் குழுத் தலைவர் ஞானதாஸ் கை நீட்டிக் குமிழைக் குறைத்தார். “கோயில்ல பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மக்களே இவ்வளவு சத்தம்?” என்றார் அவளிடம். கிதார் ஊமையானது.

மறு ஞாயிறு காலை அவள் டேப்பை உரித்தெறிந்தாள். தண்டைக் குறட்டால் பிடித்து முழுச் சத்தத்துக்குத் திருகிவிட்டு, குமிழை அதன்மேல் வெறுமனே கவிழ்த்தாள். முதல் பாட்டிலேயே அவர் கை மறுபடி வந்தது. குமிழ் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது; தண்டு அசையவில்லை.

“கண்டியா, இப்பந்தான் கேக்க இதமா இருக்கு!” என்று அவள் காதுக்கு எட்டும்படி ஞானதாஸ் தொண்டை கிழியக் கத்தினார்.