முப்பத்தாறாவது படம்

ஒரே ஒரு படம் பாக்கி இருக்கிற கேமராவை, "இங்கேயே அமுக்கிக் காட்டுங்க" என்று போலீஸ்காரர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

லூர்துராணி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இடுப்பில் பத்து மாதக் குழந்தை டோரதி. தோளில் பை. திருச்சி ஏர்போர்ட்டுக்குள் நுழைவதே இதுதான் முதல் தடவை. கொழும்பு போய், அங்கே பிளேன் மாறி துபாய். அங்கே காத்திருக்கிறான் பிலோமின்ராஜ், பெற்ற மகளை இன்னும் கண்ணால் பார்க்காதவன்.

முதலில் வாயைக் கொடுத்ததும் அவள்தான்.

"கேமராவை மிஷின்ல விடாதீங்க சார். எக்ஸ்ரே பட்டா பிலிம் வெளுத்துடும்னு ஸ்ரீரங்கத்து ஸ்டூடியோக்காரர் சொன்னாரு."

"சரி, பின்னாடி திறந்து காட்டுங்க."

"ஐயையோ! திறந்தா எடுத்த முப்பத்தஞ்சும் போச்சு!"

"அப்போ அமுக்கிக் காட்டுங்க. நிஜக் கேமராதானான்னு எனக்குத் தெரியணும்ல?"

சட்டையில் வெள்ளைச்சாமி என்று பெயர் குத்தியிருந்தது. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. அவர் தலைக்கு மேலேயே ஒரு பலகை: 'இங்கே படம் எடுக்கக் கூடாது.'

லூர்துராணி பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க எடுங்கறீங்க. நான் எதைக் கேக்கறது சார்?"

"என்னைக் கேளுங்க."

பின்னால் நின்ற சூட்கேஸ்காரர் சலித்துக்கொண்டார். "ஏம்மா, உன் ஒரு போட்டோவுக்காக பிளேன் நிக்குமா?"

"கடைசிப் படம்ங்க. இவளை அவரு முதமுதல்ல கையில வாங்கறப்ப எடுக்கணும்னு லெட்டர் போட்டிருக்காரு. ரெண்டு மாசமா தொடாம வச்சிருக்கேன்."

"மத்ததுல என்ன இருக்கு?" என்றார் வெள்ளைச்சாமி.

"எல்லாம் இவதான். ஞானஸ்நானம், முதல் பல்லு, ஜீயபுரம் வாழைத்தோப்புல தவழ்ந்தது, அழுதது, அழுதுட்டுத் தூங்கினது..."

"யாரு எடுத்தது?"

"நான்தான். லீவுல வந்தப்ப அவரு பழக்கிவிட்டுப் போனாரு. ஆச்சு, ஒன்றரை வருஷம்."

"கொடுங்க இப்படி."

போலீஸ்காரர் கையை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்துவிட்டாள். கொடுத்ததுமே கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷன், தரையையோ சுவரையோ எடுத்து வீணாக்கப் போகிறான்!

அவர் நாலடி பின்னால் நகர்ந்தார்.

"முப்பத்தஞ்சு படத்துல நீங்க எத்தனையில இருக்கீங்க?"

லூர்துராணி விரலை மடக்கி எண்ணப் போனாள். மடக்க ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை.

"ஒண்ணுலயும் இல்லீங்க."

"அதானே பார்த்தேன்." வெள்ளைச்சாமி கேமராவைக் கண்ணில் வைத்தார். "கொழும்புலயே புது பிலிம் ரோல் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்குங்க. இப்போ நான் படம் எடுக்கலே, ரூல்படி சோதனைதான் பண்றேன். சூட்கேஸ் சார், கொஞ்சம் தள்ளுங்க, நீங்களும் படத்துல விழறீங்க. நீங்க கண்ணைத் துடைச்சுட்டு, பாப்பாவோட சேர்ந்து ஒரு தடவை சிரிங்கம்மா."