செப்புக் குழாய் சுற்றிய கார்

1985ஆம் ஆண்டு. பதுளைக்குப் போன பஸ்ஸைப் பொலிஸார் சோதித்தபோது, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிற்சாலை மெக்கானிக் வீரமுத்துவின் பையிலிருந்து அது வெளியே வந்தது. செப்புக் குழாய் சுற்றிய சின்ன எஞ்சின், மருந்துப் போத்தலில் தண்ணீர், பற்றரி, வயர், நீண்ட ஏரியல் வைத்த ரிமோட்.

பக்கத்தில் இருந்தவர் குண்டோ என்று பயந்து மெல்ல எழுந்து தள்ளிப் போனார்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தமிழிலேயே கேட்டார். “என்ன இது?”

“எங்க தோட்டத்துத் துரையோட வெளையாட்டுக் காருங்க. எஞ்சின் சூடாகி நின்னுரும். அதான் சுத்தித் தண்ணி ஓட விட்டிருக்கேன்.”

“யார் சொல்லிக் குடுத்தது?”

“யாருமில்லங்க. நானாத்தான் செஞ்சேன்.”

“ஓட்டிக் காட்டு.”

முற்றத்தில் கார் சீறிக்கொண்டு ஓடியது. பத்து நிமிடமாகியும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“மூணு மாசமா உன்ன மாதிரி ஆளத்தான் தேடுறேன். உள்ள வா.”

வீரமுத்து தயங்கித் தயங்கி உள்ளே போனான். போன மாதம் விசாரணைக்கென்று கூட்டிப்போன பக்கத்து லயத்து வீட்டுக்காரர் இன்னும் வீடு திரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கடதாசியை நீட்டினார். “குழாய எப்படிச் சுத்தின, தண்ணி எப்படிப் போகுது, எல்லாத்தையும் வரை. பேரு, விலாசமும் எழுது.”

வரைந்து கொடுத்தான். இன்ஸ்பெக்டர் இரும்பு அலுமாரியைத் திறந்தார். வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

மேசையில் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். அதேபோல் இன்னொரு கார், எஞ்சின் கருகிப்போய் இருந்தது.

“பிள்ளைகளோடதுங்களா?”

“என்னோடது,” என்ற இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சு நிமிஷம்கூட ஓடுதில்ல. இதுக்கும் ஒரு குழாய் சுத்தித் தாறியா?”