தப்பெல்லாம் விரலில்தான்

ஒரு கடைச் சுவரில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கின. சிவப்புக்குக் கழுத்து ஒல்லி, கம்பிகள் நெருக்கம். கறுப்புக்குக் கழுத்து அகலம், கம்பிகள் தள்ளித் தள்ளி.

பரோட்டா மாஸ்டர் செல்வின் தன் மகளோடு வந்து முதலில் சிவப்பை எடுத்தார். ஒரு கம்பியை அழுத்தினால் அவருடைய தடித்த விரல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியது. நாதம் வரவில்லை, 'டொக்' என்றது.

"இது விரலா, வாழைக்காயா?" என்று சலித்துக்கொண்டது சிவப்பு.

"விரலைச் சொல்லாதேடி. உன் கழுத்துதான் குச்சி," என்றது கறுப்பு.

செல்வின் கறுப்பை வாசித்தார். ஒவ்வொரு கம்பியும் கணீரென்றது.

"இதையே எடுத்துக்கறேன். உறை இருக்கா?" என்று கேட்டபடி கறுப்பை மகள் மடியில் வைத்துவிட்டுக் கல்லாப் பக்கம் போனார். கறுப்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மகள் நிலானி ஆசையாக வாசிக்கப் பார்த்தாள். விரல்கள் கழுத்தின் பாதி அகலத்தைத் தாண்டவில்லை. தடித்த கம்பி எட்டவே இல்லை.

"இதெல்லாம் ஒரு கையா? எலிக்குஞ்சு மாதிரி!" என்று சிடுசிடுத்தது கறுப்பு.

சிவப்பு சிரித்ததில் அதன் ஆறு கம்பிகளும் அதிர்ந்தன.

"அக்கா, எனக்கு வந்தது வாழைக்காய், உனக்கு வந்தது எலிக்குஞ்சு. நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குறையும் இல்லை, பாரேன்!"