நமது நிருபர்

“பழி தீர்த்துட்டே, இல்ல?” என்று கேட்டபடியே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் பழைய ஆசிரியர். கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இப்போது ஆசிரியர் நாற்காலியில் இருப்பவள் நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“நாளைக்கு எனக்குப் பாராட்டு விழா. ஊரே வருது. இன்னிக்குப் பார்த்து அந்தப் பழைய ஆலை விஷயத்தைப் போட்டிருக்கே!”

ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகை அச்சடித்த கடைசிக் காலத்தில் நடந்தது அது. ஆலையில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளிகள் வெந்து செத்தார்கள். பழுதென்று தெரிந்தே ஓட்டினார்கள் என்று அவள் எழுதியதை, அச்சுக்குப் போகும் நேரத்தில் உருவிப்போட்டவர் இவர்தான்.

அதன்பிறகு அவளுக்கு வானிலையும் ‘காலமானார்’ பகுதியும்தான். ஆபீஸே அவளைக் ‘கொதிகலன்’ என்று கூப்பிட்டுச் சிரித்தது. கணினி வந்தது, அச்சு நின்றது, பத்திரிகை கைப்பேசிக்குள் போய் உட்கார்ந்தது. அவள் மட்டும் வேலையை விட்டுப் போகவில்லை.

“அப்பல்லாம் பேப்பர் மறுநாளே பொட்டலம் கட்டப் போயிடும். இது அழியவே அழியாதே! தயவுபண்ணி எடுத்துடும்மா.”

“ஒரு வார்த்தை பொய்னு காட்டுங்க சார், எடுத்துடறேன்.”

அவர் குரல் இறங்கியது. “ஆலைக்காரன் கார் குடுத்தது ஊருக்கே தெரியும். ஆனா, சாவியைக் கையில வாங்கிட்டு, ‘செத்தவன் திரும்பியா வரப்போறான்’னு நான் சொன்னது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில. உனக்கு எப்படித் தெரியும்?”

அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. “நான் எழுதலை சார். ‘நமது நிருபர்’னு போட்டிருக்கே, பார்க்கலையா?”

“உன் பேரைப் போடப் பயந்துக்கிட்டு அப்படிப் போட்டிருக்கே!”

“எழுதினவங்கதான் பேர் வேண்டாம்னாங்க. கூப்பிடறேன், நேர்லயே கேளுங்க.”

“தாராளமா வரச் சொல்லு. எத்தனை நிருபருங்களை மேய்ச்சிருக்கேன்! ஒரு அதட்டுல வாபஸ் வாங்க வைக்கிறேன் பாரு.” சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

கதவு திறந்தது. அதட்டத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

வந்தவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசைமேல் வைத்தாள்.

“சொல்லுங்க. இதுக்கு உங்க பதில் என்ன, அப்பா?”