பூட்டிய ஹார்ட் டிஸ்க்

“அக்கா, இதைத் தூக்கிக் குப்பையில போடு. என் முதல் நாவல் அடுத்த மாசம் வருது. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு” என்று எரிந்து விழுந்தான் காலின்.

வெசெலா பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா இருபது வருடம் எழுதிய நாவல் அந்த ஹார்ட் டிஸ்க்குக்குள் பூட்டிக் கிடந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று காலின் அவளுடைய கம்ப்யூட்டரில் மூன்று முறை ஏதோ தட்டினான். மூன்று முறையும் திரை நீலமாகி, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. “பாத்தியா? டிஸ்க்கே கெட்டுப்போச்சு” என்றான். அவள்தான் கேட்காமல், பிளொவ்டிவ் நகரக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தாம்யானிடம் அவனையும் இழுத்து வந்திருந்தாள்.

தாம்யான் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி, அவள் கொண்டுவந்த கம்ப்யூட்டரிலேயே டிஸ்க்கை மாட்டி, மனதில் தோன்றிய ஏதோ ஒரு சொல்லைத் தட்டினார். ‘தவறான கடவுச்சொல்’ என்றது திரை. வேறொன்றைத் தட்டினார். அதே பதில்.

“இப்போ படுக்கலையே!” என்றாள் வெசெலா.

“தப்பா அடிச்சா ஏம்மா படுக்கும்? சரியான சொல்லுக்குப் பூட்டு திறக்கும்போதுதான் படுக்கும். உன் கம்ப்யூட்டர்ல பூட்டைத் திறக்கிற மென்பொருள் ரொம்பப் பழசு. புதுசு போட்டுட்டேன், இனி படுக்காது.”

காலின் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

வெசெலா அவன் கோட்டைப் பிடித்திழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கீபோர்டை அவன் முன்னால் தள்ளினாள்.

“நேத்து மூணு தடவை அடிச்சியே, அதையே அடிடா. உன் நாவலோட முதல் வரியைப் படிச்சுப் பாப்போம்.”