நம்பர் பலகைக்கு ஒரு திரை

"பின் சீட்ல உக்காந்திருக்கிறவ யாருன்னு சொல்லிட்டு அப்புறம் சாப்பிடுங்க."

"எத்தனை தடவைதான் சொல்றது? நான் தனியாத்தான் போனேன்."

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் லேசாகத் திறந்துகொண்டன. திரைச்சீலைக் கடைக்காரர், சுங்கச்சாவடிக் கேமராவை ஏமாற்றக் கார் நம்பர் பலகைக்கே ஒரு குட்டித் திரை போட்டிருந்தார். சீட்டிலிருந்தபடி கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும். தொழில் புத்தி எங்கே போகும்? அப்படியும் நோட்டீஸ் வந்துவிட்டது. கூடவே வந்த படத்தில் திரை ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. ஆனால் பின் கண்ணாடி வழியாக ஒருத்தி, அந்த நம்பரைப் பெரிதாக எழுதிய அட்டையைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தனியாப் போனவருக்கு அட்டை பிடிக்க மட்டும் ஆள் வந்துச்சாக்கும்," என்றாள் மனைவி. பத்தொன்பது வருஷக் குடித்தனம் அந்தப் படத்தில் தொங்கியது.

மறுநாள் அவளே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். சாவடி தாண்டி வீடு திரும்பும்வரை பக்கத்தில் யாரும் இல்லை, அட்டையும் இல்லை. அன்று மத்தியானம் அவருக்குச் சூடாகச் சோறு கிடைத்தது. தப்பித்தோம் என்று நினைத்தார்.

அடுத்த வாரம் அந்தப் பயணத்துக்கும் நோட்டீஸ் வந்தது. படத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அட்டையின் மறுமுனையை மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே கேட்கவில்லை. "நீங்க பொய் சொல்லலைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் அவள் அக்கா இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பஸ்ஸில்தான் போனாள்.